அந்த விமானத்துக்கு நம்மைத் தெரியாது

1

இந்த நாட்டுக் குடியுரிமை விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. கடந்த ஐந்து வருடத்தில் எந்தெந்த நாட்கள் வெளிநாட்டில் இருந்தீர்கள், என்ன காரணம் என்று வரிசையாக எழுத வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பாஸ்போர்ட்டை விரித்துவைத்து, முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து நான் சொல்ல, மகன் கதிர் மடிக்கணினியில் தட்டிக்கொண்டு வந்தான். போன வருஷம் என்று வந்ததும் நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். ஏறக்குறைய எண்பது நாள். அதில் முப்பது நாளுக்குக் காரணம் சொல்லிவிடலாம். மிச்சம் ஏழு வாரத்துக்கு என்ன சொல்ல? டெல்லி விமான நிலையத்தில் ஏழே ஏழு நிமிஷம் பிந்திப்போனேன், அதுதான் காரணம்.

நடந்து சரியாக ஒரு வருஷம் ஆகிறது. டொராண்டோவை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். ஏழு மணி வேலைக்கு இப்போதெல்லாம் ஆறேகாலுக்கே போய் வாசலில் நிற்கிறேன். சாவி வைத்திருக்கும் அம்மாள் காரை விட்டு இறங்கும்போதே, இந்தப் பனியில் ஏன் இப்படி உயிரை விடுகிறாய் என்று கேட்பாள். பஸ் வராமல் போய்விட்டால் என்று சொல்வேன். இந்தப் பாதையில் பஸ் வராமல் போனதே இல்லையே என்பாள். அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? எனக்குப் பயம். பல் மருத்துவரிடம் போனாலும் பயம், பள்ளிக்கூடக் கூட்டத்துக்குப் போனாலும் பயம். கதவு சாத்திவிடுவார்கள் என்கிற பயம்.

2

இடுக்கி மாவட்டத்து ஆனைக்கரையில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருக்கிறது. அப்பா காலமான பிறகு அது பாண்டி அண்ணனுக்கும் எனக்கும். ஆனால் நிலம் எங்களுடையதுதான் என்று காட்டப் பட்டயம் கிடையாது. எங்கள் பக்கத்தில் அது இல்லாத வீடுகள் நிறைய. அப்பா கொடுத்த மனு மேசை மேசையாக ஊர்ந்து, கடைசியில் வாரிசுகள் இருவரும் ஹியரிங்குக்கு நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது.

இந்தப் பட்டயத்தை நினைத்துத்தான் பதினைந்து வருஷமாக நான் இங்கே குடியுரிமை எடுக்காமல் இருந்தேன். பாஸ்போர்ட்டை மாற்றினால் பட்டயத்தில் பேர் ஏறாது என்று ஊரில் யாரோ சொன்னார்கள். நிஜமா பொய்யா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அதனால் வீட்டில் என் கணவரும் கதிரும் இந்த நாட்டுக் குடிமக்கள், நான் மட்டும் நிரந்தர வசிப்பு அட்டைக்காரி. வெளிநாட்டிலிருந்து விமானம் ஏற வேண்டுமென்றால் அந்த அட்டை செல்லுபடியாக இருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டியிருந்தாலும் ஏற்ற மாட்டார்கள். அட்டை முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்று தெரிந்தேதான் கதிரைக் கூட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்து புதுப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. என் வாயில் மண்ணைப் போட!

ஹியரிங் முதல் தடவை அதிகாரிக்கு உடம்பு சரியில்லை என்று தள்ளிப்போனது. இரண்டாவது தடவை கோப்பு வேறு மேசையில் இருந்தது. "அடுத்த ஆழ்ச்ச வரூ" என்றார் அங்கிருந்த கிளார்க், அடுத்த வாரம் என்பது எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வரும் என்பதைப் போல. எடுத்துவைத்திருந்த திரும்பும் டிக்கெட் வீணாய்ப்போனது. மூன்றாவது தடவை போனபோது எல்லாம் நாலு நிமிஷத்தில் முடிந்தது.

அந்த மாதம் முழுக்கக் கதிர் அண்ணன் வீட்டு மொட்டை மாடியில் சிக்னல் தேடியே பொழுதைக் கழித்தான். பதிமூன்று வயசு. நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுவான். அண்ணன் பிள்ளைகள் செடியடியில் சரம் சரமாகக் காய்த்த ஏலக்காயைக் காட்டக் கூப்பிட்டால், வாசனை தலையை வலிக்கிறது என்று உள்ளே போய்விடுவான். எனக்குக் கூச்சமாக இருக்கும். அதற்கடியில் வேறொன்றும் இருந்தது. இவன் எனக்கு மகனா, இல்லை அந்த நாட்டுக்கு மகனா என்று. அவனுக்கு எடுத்த இந்திய விசா முப்பது நாள்தான். அதுவும் முடியப்போகிறது.

3

ஆக, அட்டைக்குக் கடைசி நாள் எதுவோ அன்றைக்கே விமானம். டெல்லியில் பகல் இரண்டு மணிக்குக் கிளம்பினால், நேர வித்தியாசத்தில் அதே நாள் சாயங்காலம் டொராண்டோ. அந்த டிக்கெட்டை அங்கிருந்து என் கணவர் எடுத்தார். கொச்சியிலிருந்து டெல்லிக்கான உள்நாட்டு டிக்கெட்டை நான் எடுக்கிறேன் என்று அண்ணன் பிடிவாதமாக நின்று, வேறொரு கம்பெனியில் எடுத்தது. காலை ஏழு மணிக்குக் கிளம்பிப் பத்தேகாலுக்கு டெல்லி. நான் சந்தேகமாகப் பார்த்தேன்.

"மூணே முக்கா மணி நேரம் கெடக்கு பாப்பா. குமுளியில எறங்கி ஏற எம்புட்டு நேரம் ஆகும்?" என்றது அண்ணன்.

குமுளி தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். கேரளத்து பஸ் கேரளத்தோடு நின்றுவிடும். இறங்கி, செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பஸ். இரண்டு அரசாங்கம், இரண்டு டிக்கெட். தேனியில் கல்லூரியில் படித்த மூன்று வருஷமும் நான் அப்படித்தான் போய்வந்தேன். மழையில் எங்கள் வண்டி மாட்டிக்கொண்டால், அந்தப் பக்கத்து டிரைவர் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டு, கட்டப்பனை வண்டி இன்னும் வரலையே என்று நிற்பார். அவருக்கு எங்கள் முகங்கள் தெரியும். நாங்களும் ஒரு வேலை செய்வோம். கால் வலுவான ஒருத்தரை முதலில் ஓடவிடுவோம். அவர் போய் பஸ் படியில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, ஆள் வருது, ஆள் வருது என்று சொல்லிக்கொண்டிருப்பார். மற்றவர்கள் மூட்டை முடிச்சோடு பின்னால் போய்ச் சேருவோம். ஒருத்தர் ஏறிவிட்டால் எல்லோரும் ஏறின மாதிரிதான். எந்த டிரைவரும் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போனதில்லை.

எனவே அண்ணன் சொன்னதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. படித்தவள், பதினைந்து வருஷம் வெளிநாட்டில் குப்பை கொட்டியவள், அதை அப்படியே நம்பினேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

4

முந்தின நாளே மலை இறங்கி, கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாசேரிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கினோம். காலையில் கவுண்டரில் பெட்டியை எடை போட்ட பெண், இது டெல்லி வரைதான் வரும், அங்கே நீங்களே எடுத்து, அடுத்த விமானத்துக்கு மறுபடி போட வேண்டும் என்றாள். ஏன் என்றேன். இரண்டும் தனித்தனி டிக்கெட் இல்லையா என்றாள். அப்போதுதான் டெல்லியில் பெட்டிக்கு எவ்வளவு நேரம் போகும் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.

டெல்லியில் பனிமூட்டம் என்று எங்களை இரண்டு மணி நேரம் கொச்சியிலேயே உட்கார வைத்தார்கள். வானத்தில் ஏறிய பிறகும் நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதிர் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டான். பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, எங்களுக்கு இரண்டு மணிக்கு டொராண்டோ விமானம், இரண்டு பேர் வந்துகொண்டிருக்கிறோம் என்று அவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்று கேட்டேன். அவள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். பொறுமையான பெண். என் வயசுக்கு மரியாதை கொடுத்து மெதுவாகத்தான் சொன்னாள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும், இது தனித்தனி, நீங்கள் இந்த விமானத்தில் இருப்பது அந்த விமானத்துக்குத் தெரியாது என்றாள்.

தண்ணீர் கேட்டு வாங்கினேன், குடிக்க முடியவில்லை. அந்த விமானத்துக்கு நம்மைத் தெரியாது. அங்கே டீ குடித்துக்கொண்டு நமக்காக யாரும் எட்டிப் பார்க்கப்போவதில்லை. இன்றைக்கு ஏறாவிட்டால், இரவு பன்னிரண்டு மணியோடு என் அட்டை முடிந்தது. பிறகு எப்போது மறுபடி வீட்டுக்குப் போவேன் என்று எனக்கே தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு பயம் எனக்குப் பிரசவத்தில்கூட வந்ததில்லை.

பக்க இருக்கையில் கட்டப்பனைக்காரி ஒருத்தி இருந்தாள். ஷைனி என்று பேர், நர்ஸ், அயர்லாந்துக்கு வேலைக்குப் போகிறாள். அவளும் தனி டிக்கெட்தான், ஆனால் சாயங்கால விமானம். சேச்சி பேடிக்கண்டா, பயப்படாதீங்க என்று மலையாளமும் தமிழுமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறங்கும்போது பன்னிரண்டு அடித்து ஏழு நிமிஷம். கவுண்டர் ஒரு மணிக்கு மூடுவார்கள். பெட்டி வரும் பெல்ட் பக்கத்தில் நின்றோம். பெல்ட் ஓடியது, பெட்டி வரவில்லை. பன்னிரண்டரை ஆனது. ஷைனியின் பெட்டி வந்தது, எங்களுடையது வரவில்லை. வெளிநாட்டு விமானத்துக்கு வேறு டெர்மினல், பஸ் பிடித்துத்தான் போக வேண்டும் என்றார்கள். அந்த நிமிஷத்தில் எனக்குக் குமுளிதான் ஞாபகம் வந்தது. கதிரின் கையில் அவன் பாஸ்போர்ட்டையும் டிக்கெட் தாளையும் திணித்தேன்.

"நீ முன்னால ஓடுடா. ஷைனி சேச்சிகூட போ. கவுண்டர்ல நின்னு அம்மா வர்றாங்கன்னு சொல்லு. நான் பெட்டியை எடுத்துட்டு வந்துர்றேன்."

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ கேட்க வாயைத் திறந்தான். போடா, போடா என்று முதுகில் தள்ளினேன்.

பெட்டியை விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அண்ணன் கேட்டது, கணவர் கேட்டார், தூதரகத்துக்குப் போன இடத்தில் காவலாளிகூடக் கேட்டார். பெட்டியில் மூன்று கிலோ ஏலக்காயும், வில்லேஜ் ஆபீஸில் நடையாய் நடந்து வாங்கிய சான்று நகல்களும் இருந்தன. ஆனால் காரணம் அதுகூட இல்லை. பெட்டியை விடலாம் என்று அப்போது தோன்றவே இல்லை. சுமையை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் எங்களிடம் கிடையாது.

5

நான் அந்தக் கவுண்டருக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று ஏழு.

கதிர் அங்கேயே நின்றுகொண்டிருந்தான். ஷைனி அவனைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் தன் விமானத்தைப் பார்க்கப் போயிருந்தாள். கையில் போர்டிங் பாஸ். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஒருத்தன் ஏறிவிட்டானே! பெட்டியைத் தூக்கித் தராசில் வைக்கப் போனேன். உள்ளே இருந்த பெண் கையை நீட்டித் தடுத்தாள். கவுண்டர் மூடியாகிவிட்டது, கணினியில் பட்டியல் போய்விட்டது, இனி யாரையும் சேர்க்க முடியாது என்றாள். என் மகனைச் சேர்த்திருக்கிறீர்களே என்றேன். அவன் நேரத்தில் வந்தான், பாஸ்போர்ட்டைக் காட்டினான், பன்னிரண்டு வயசுக்கு மேல் தனியாகப் போகலாம் என்றாள். உங்கள் பாஸ்போர்ட்டும் அட்டையும் இல்லாமல் உங்களை எப்படிச் சேர்ப்பது, ஆனவரை பார்த்துவிட்டுத்தான் மூடினோம் என்றாள். அவள் மேல் தப்பே இல்லை.

நான் என்னென்னவோ பேசினேன். ஆங்கிலம் ஒரேயடியாகக் கைவிட்டுவிட்டது. தமிழில் கும்பிட்டேன். அட்டையைக் காட்டி இன்றைக்குத்தான் கடைசி நாள் என்றேன். அவள் மேலதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் இன்றைக்கு வேறு விமானம் தேடிப் பார்த்தார். இருந்ததெல்லாம் நள்ளிரவு தாண்டித்தான். இனி உங்கள் பையனைப் பற்றித்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். அவனையும் இறக்கிவிடலாம், அல்லது அவன் போகலாம். ஐந்து நிமிஷம் என்றார்.

ஐந்து நிமிஷம். அவனை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்றால் அவன் விசா முடிகிறது. அவன் நாட்டுக்குள் நான் போக முடியாது, என் நாட்டில் அவன் இருக்க முடியாது. இரவு வேலையில் இருந்த கணவருக்குப் போன் போட்டேன். அவர் விசா என்றைக்கு முடிகிறது என்று மட்டும் கேட்டார். பிறகு அவனை அனுப்பு, நான் வாசலில் நிற்பேன் என்றார்.

கதிரைப் பார்த்தேன். அவன் முகம் வெறுமையாக இருந்தது. தனியா போயிருவியாடா என்று கேட்டேன். தோளைக் குலுக்கி, "ஐ வில் பி ஃபைன்" என்றான். நான் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்குக் காலை வரை எத்தனையோ தாளில் போட்டிருக்கிறேன், எதற்கும் கை அப்படி இழுத்துக்கொண்டதில்லை. நெற்றியில் முத்தம் கொடுக்கப் போனேன், அவன் குனியவில்லை, கன்னத்தில்தான் பட்டது. நிறுவனத்துப் பெண் ஒருத்தி அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தடி, இருபதடி, கண்ணாடிக் கதவு. அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

அது என்னை அறுத்துவிட்டது. ஏலக்காய்ப் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். டொராண்டோ போய்ச் சேர்ந்துவிட்டான் என்று செய்தி வரும்வரை எனக்குள் ஓடியதையெல்லாம் எழுதினால் படிக்கிறவர்களுக்குப் பாவம். விமானம் விழுந்தது, அவன் காணாமல் போனான், எவளோ அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள், எல்லாம் ஓடியது. ஓடிப்போய் அம்மா வர்றாங்கன்னு சொல்லுடா என்று அனுப்பியது நான்தானே.

6

ஏழு வாரம். முடிந்துபோன அட்டைக்குப் பதிலாகத் தூதரகத்தில் பயண அனுமதித் தாள் வாங்க, நான் இத்தனை வருஷம் டொராண்டோவில்தான் இருந்தேன் என்று ஆனைக்கரையில் உட்கார்ந்துகொண்டு நிரூபிக்க வேண்டியிருந்தது. கணவர் சம்பளச் சீட்டு, மின் கட்டணம், பல் மருத்துவர் ரசீது என்று படம் எடுத்து அனுப்புவார். மொட்டை மாடியில் சிக்னல் கிடைக்கும் மூலையில் நான் போய் நிற்பேன். அது கதிர் நின்ற மூலை. அண்ணன் என் முகத்தைப் பார்க்கவே கூசியது. ஒருநாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நான்தான் பாப்பா ஒன்ன கெடுத்துட்டேன்" என்றது. ரெண்டு பேருமே கெட்டிக்காரங்கதான் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

நான் வந்து சேர்ந்தபோது கதிர் இரண்டு விரல் வளர்ந்திருந்தான். முட்டை பொரிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். துணியை அவனே துவைத்துக்கொள்கிறானாம். எல்லோரும் கெட்டிக்காரப் பையன் என்றார்கள். எனக்குப் பட்டது வேறு. நான் இல்லாமல் அவனால் இருக்க முடிகிறது. அந்தக் கண்ணாடிக் கதவில் திரும்பாமல் போனானே, அது அவன் இனிப் போகிற போக்கு என்று நினைத்தேன். அந்த நாளைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று எனக்குப் பயம்.

குடியுரிமைக்கு எழுதிப்போடுவது என்று முடிவெடுத்தது அதனால்தான். பட்டயத்தில் பேர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். என் பிள்ளை ஒரு வரிசை, நான் ஒரு வரிசை என்று இன்னொரு தடவை என்னால் நிற்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கட்டத்துக்கு வந்ததும் கதிர் தட்டுவதை நிறுத்திவிட்டு, காரணம் என்ன போட என்று கேட்டான். விமானத்தைத் தவறவிட்டேன் என்று போடு என்றேன். போட்டான். பிறகு திரையைப் பார்த்தபடியே, தட்டுத்தடுமாறித் தமிழில் பேச ஆரம்பித்தான்.

"உன் சீட்டுல என் ஜாக்கெட்டைப் போட்டு வச்சிருந்தேன். ஒருத்தர் வந்து உக்காரலாமான்னு கேட்டார். எங்கம்மா வர்றாங்கன்னு சொன்னேன்."

"நான் வர முடியாதுன்னு உனக்குத் தெரியும்லடா" என்றேன்.

"தெரியும்."

"அப்புறம் எப்ப எடுத்தே?"

"இங்க வந்து எறங்கும்போது."

பதினைந்து மணி நேரம். அந்த விமானத்தில் எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும். குளிரலையாடா என்று கேட்டேன்.

"குளிருச்சும்மா" என்றான்.